சாய்வு

இசையைப் பற்றி எழுதும் தகுதி எங்கள் இருவருக்கும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்களில் ஒருவர் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவர். மற்றவர் அதே கல்லூரியில் இயற்பியல். இத்தனை ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் இருந்தும் ஒருவர் பாடத்தை மற்றவர் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. நல்லவேளையாக இக்கட்டுரையும் இசையைப் பற்றியதன்று. நரம்பே இல்லாத ஒரு கிட்டாரைப் பற்றியது. அதை நாங்கள் பழுதுபார்த்த சில மாலைகளைப் பற்றியது.

2024 மே மாத விடுமுறையில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள எடிசன் நகருக்குப் போயிருந்தோம். எங்களில் ஒருவருக்கு அக்காவும் மற்றவருக்கு நாத்தனாருமானவர் அங்கே பல ஆண்டுகளாக இருக்கிறார். ஊர் சுற்றிப் பார்ப்பதற்காக நாங்கள் போகவில்லை. அக்கா அந்த வீட்டை விற்றுவிட்டு ஆகஸ்ட் மாதம் சிறிய அடுக்கக வீடொன்றுக்கு மாறுவதாக இருந்தார். சாமான்களைப் பிரித்து அடுக்க உடன் இரண்டு பேர் வேண்டும் என்று அழைத்திருந்தார். உண்மையில் அவருக்கு வேண்டியிருந்தது சாமான் தூக்க ஆள் அல்ல என்பது போன மறுநாளே எங்களுக்குப் புரிந்துவிட்டது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அக்காவும் அத்தானும் சட்டப்படி பிரிந்துவிட்டார்கள். அத்தான் மேற்குக் கரையில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டார். வீட்டில் அக்காவும் பதினாறு வயது மகனும் மட்டுமே. அந்த இருவருக்கும் நடுவே உட்கார்ந்து சாப்பிட யாரேனும் தேவைப்பட்டார்கள். அவ்வளவுதான்.

அமெரிக்க வீடுகள் பலவற்றில் தரைக்குக் கீழே ஒரு நிலவறை இருக்கும். பத்தாண்டு, பதினைந்தாண்டு வாழ்க்கை அங்கேதான் போய்ச் சேரும். அக்கா அங்கே மூன்று குவியல்கள் போட்டிருந்தார். எடுத்துப் போவது, யாருக்கேனும் கொடுப்பது, எறிவது. காலையில் நாங்கள் இறங்கிப் போகும்போது எறியும் குவியலின் உச்சியில் ஒரு பிளாஸ்டிக் கிட்டார் கிடக்கும். மாலையில் பார்த்தால் அது எதிர்ச் சுவரில் சாய்ந்து நிற்கும். மறுநாள் காலை மீண்டும் குவியலில். மாலையில் மீண்டும் சுவரில். தாயும் மகனும் இதுபற்றி ஒரு சொல்லும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. நான்காம் நாள் நாங்கள் பையனிடம் கேட்டோம்.

"வேலை செய்யலைன்னா தூக்கிப் போட்ரணும்னு அம்மா சொன்னாங்க. அது பாதி வேலை செய்யுது" என்றான்.

பாதி வேலை செய்கிறது என்றால் என்ன என்று அறிந்துகொள்ள, முழு வேலை என்ன என்பதை முதலில் கற்க வேண்டியிருந்தது.

*

எங்களைப்போல் இத்துறையில் ஒன்றும் அறியாத வாசக நண்பர்களுக்காகச் சற்று விளக்கிவிடுகிறோம். கிட்டார் வடிவக் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்து விளையாடும் விளையாட்டுகள் ஜப்பானில் தொடங்கியவை. கோனாமி நிறுவனம் 1999-இல் கிட்டார் ஃப்ரீக்ஸ் என்ற விளையாட்டை அங்காடிகளில் வைத்தது. அதில் மூன்று பொத்தான்கள். 2005 நவம்பரில் அமெரிக்காவில் கிட்டார் ஹீரோ வந்தது. ஹார்மோனிக்ஸ் விளையாட்டை உருவாக்க, ரெட்ஆக்டேன் அதை வெளியிட்டது. பொத்தான்கள் ஐந்தாயின. பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு. திரையில் ஒரு நெடுஞ்சாலை நம்மை நோக்கி உருண்டு வருகிறது. அதன்மேல் வண்ண வட்டுகள் வருகின்றன. வட்டு கோட்டைத் தொடும் கணத்தில் இடக்கை அதே நிறப் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும்; வலக்கை நரம்பு இருக்க வேண்டிய இடத்திலுள்ள ஒரு சிறு பட்டையைத் தட்ட வேண்டும். தட்டினால் பாட்டு தொடரும். தவறினால் கிட்டார் மட்டும் பாட்டிலிருந்து காணாமற் போகும்.

அந்நாட்களில் அமெரிக்க வீட்டுக் கூடங்களில் இது பெரிய திருவிழாவாக இருந்திருக்கிறது. அத்தானும் அப்போதுதான் வாங்கியிருக்கிறார். பையன் பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு. பிறகு மோகம் வடிந்தது. 2011-இல் ஆக்டிவிஷன் நிறுவனம் கிட்டார் ஹீரோ பிரிவை மூடியது. 2015-இல் வேறு வடிவில் திரும்பி வந்து அதுவும் நிலைக்கவில்லை. ஆனால் அன்று விற்ற கிட்டார்கள் நிலவறைகளில் எஞ்சின. அவற்றைக் கொண்டு விளையாட ஆர்வலர்கள் தாமே உருவாக்கி இலவசமாகக் கொடுத்ததுதான் கிளோன் ஹீரோ. அக்கா மகன் விளையாடுவது அது. அவனைவிட மூத்த கருவி, அவன் காலத்து விளையாட்டு.

இவ்விளையாட்டில் ஒரு சேமிப்பு உண்டு. வட்டுகளுக்கிடையே சில தொடர்கள் நட்சத்திர வடிவில் வரும். ஒரு தொடரை முழுதும் பிழையின்றி வாசித்தால் ஒரு மானியில் கால் பங்கு நிரம்பும். அரைப் பங்கு நிரம்பியபின் எப்போது வேண்டுமானாலும் அதைச் செலவிடலாம். செலவிடும் நேரத்தில் கிடைக்கும் மதிப்பெண்கள் இரட்டிப்பாகும். பிழையின்றித் தொடர்ந்து 30 வட்டுகள் வாசித்தவருக்கு நான்கு மடங்கு என்றால், சேமிப்பைத் திறந்ததும் எட்டு மடங்கு. ஆகவே தேர்ந்தவர்கள் அதை உடனே செலவழிப்பதில்லை. பாட்டில் வட்டுகள் மழையாகக் கொட்டும் இடத்துக்காகக் காத்திருப்பார்கள். அந்த இடம் வந்ததும் கிட்டாரின் கழுத்தை மேல்நோக்கி உயர்த்துவார்கள். உள்ளே இருக்கும் உணரி அந்தச் சாய்வை அறிந்து சேமிப்பைத் திறந்துவிடும். மேடையில் கிட்டார்க்காரர் பாட்டின் உச்சத்தில் கருவியை வானோக்கித் தூக்குவாரே, அந்தப் பாவனை.

பையனின் கிட்டாரில் பழுதானது இந்த உணரிதான். அது அணைந்துபோயிருந்தால் பரவாயில்லை. அளவுக்கு மீறி விழித்திருந்தது. அரைப் பங்கு நிரம்பியதும் அவன் பட்டையைச் சற்று ஓங்கித் தட்டினாலே போதும், கிட்டார் தூக்கப்பட்டதாகக் கருதிச் சேமிப்பைக் கொட்டிவிடும். தோளைக் குலுக்கினால் கொட்டும். இருமினால் கொட்டும். ஒருமுறை நாங்கள் மாடிப்படியில் இறங்கி வந்த அதிர்வுக்கே கொட்டிற்று என்று பையன் சத்தியம் செய்தான். அதை மட்டும் நாங்கள் நம்பவில்லை.

எங்களில் தமிழ் படித்தவருக்கு உடனே திருக்குறளின் 132ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. புலவி நுணுக்கம். தலைவன் தும்மினால் யார் நினைத்ததால் தும்மினீர் என்று அழுகிற தலைவி. தும்மலை அடக்கினால் யார் நினைப்பதை மறைக்கிறீர் என்று அழுகிற தலைவி. வகுப்பில் நடத்தும்போது பிள்ளைகள் சிரிக்கும் அதிகாரம் அது. உணரிக்கு 'புலவி' என்று பெயர் வைத்தோம். பையனுக்கு விளக்கிச் சொன்னதும் அவனும் சிரித்தான். அந்த வீட்டில் அவன் சிரித்து நாங்கள் பார்த்தது அதுவே முதல் தடவை.

*

"அந்த உணரியையே அணைத்துவிடலாமே" என்பதுதான் எங்கள் முதல் யோசனை. விளையாட்டின் அமைப்பில் அதற்கு வழி இருக்கிறது. சேமிப்பைத் திறக்கும் வேலையை ஒரு பொத்தானுக்கு மாற்றிவிட்டால் சாய்வு யாருக்கும் தேவையில்லை. இரண்டு நிமிட வேலை. எங்களில் இயற்பியல் படித்தவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

"அது எனக்கும் தெரியும் மாமா. ஆனா அது அப்படி இல்ல" என்றான்.

எப்படி இல்லை என்று நாங்கள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. குவியலில் கிடந்த பழைய புகைப்பட ஆல்பம் ஒன்றில் பிறகு பார்த்தோம். தோளில் பட்டியை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, கிட்டாரின் கழுத்து கூரையைத் தொட, அத்தான் நிற்கிறார். காலடியில் தவழும் வயதில் ஒரு குழந்தை அண்ணாந்து பார்க்கிறது.

சரி, பழுதைத் தேடுவது என்று முடிவாயிற்று. எங்கள் வீட்டில் மிக்ஸி நின்றால்கூட எலெக்ட்ரீஷியனுக்குச் சொல்லி அனுப்புகிறவர்கள் நாங்கள். என்றாலும் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்குச் சொல்லும் ஒரு விதி துணைக்கு இருந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே.

முதல் மாலை கணினியைச் சந்தேகித்தோம். கம்பியை மாற்றிச் செருகினோம். விளையாட்டை நீக்கி மீண்டும் நிறுவினோம். மாற்றமில்லை. இரண்டாம் மாலை விளையாட்டையே திறக்கவில்லை. இணைத்த கருவியின் எந்தப் பொத்தான் அழுந்துகிறது என்று காட்டும் சிறு திரை ஒன்று விண்டோஸில் இருக்கிறது. பையன் கிட்டாரை மடியில் வைத்து அசையாமல் உட்கார்ந்தான். சாய்வைக் குறிக்கும் விளக்கு எரியவில்லை. கழுத்தை மெல்ல உயர்த்தினான். தரைக்குக் கிடையாக இருந்து கொஞ்சம் ஏறியதுமே விளக்கு எரிந்தது. பாதி செங்குத்து அளவாவது ஏறிய பிறகல்லவா எரிய வேண்டும்? மீண்டும் தாழ்த்தி அசையாமல் பிடிக்கச் சொல்லிவிட்டு, கடையில் தேங்காயைச் சுண்டிப் பார்ப்பதுபோல உடலை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தோம். ஓரத்தில் தட்டினால் ஒன்றுமில்லை. கழுத்து உடலோடு சேரும் இடத்தருகே தட்டினால் விளக்கு கண் சிமிட்டியது.

ஆகப் பழுது ஒன்றல்ல, இரண்டு. தேவைக்கு முன்பே சாய்வை அறிகிறது. அதிர்வையும் சாய்வென்று எடுத்துக்கொள்கிறது.

"அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும், அவர் வைத்திருந்ததுதானே" என்று சொல்லிப் பார்த்தோம். பையன் முகம் மூடிக்கொண்டது. "வேண்டாம்" என்றான். அத்தான் ஞாயிறுதோறும் அழைப்பார். ஒரு முனையில் கேள்விகள், இம்முனையில் 'ம்', 'ஓகே'. மூன்று நிமிடத்துக்குமேல் போனதாக நாங்கள் பார்த்ததில்லை. நாங்கள் வற்புறுத்தவில்லை.

*

மூன்றாம் மாலை கிட்டாரைத் திறந்தோம். பின்புறம் 11 திருகாணிகள் இருந்தன. பன்னிரண்டாவது துளை காலியாக இருந்தது. யாரோ முன்பே திறந்திருக்கிறார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. கழற்றிய திருகாணிகளை ஒவ்வொன்றாக முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தான் பையன். அந்த ஒழுங்கு அவனுக்கு யாரிடமிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியும். அக்காவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

மூடியைத் தூக்கியதும் கறுப்பாக ஏதோ கொட்டிற்று. விரலில் பிசுபிசுவென்று ஒட்டும் தூள். உள்ளே ஒரு மின்பலகை, வண்ண வண்ணமாய் மெல்லிய கம்பிகள். கழுத்தருகே இரண்டு கம்பிகளின் முனையில், ஒரு நெல்மணியைவிடச் சற்றே பெரிதாக, உலோகக் குப்பி ஒன்று ஊஞ்சலாடியது. அதுதான் 'புலவி'. கருவியோடு வந்த உணரி எப்போதோ கெட்டுப்போய், அத்தான் இதை வாங்கிப் பற்றவைத்திருக்க வேண்டும். பற்றவைத்த இடம் கைவேலை என்று பார்த்தாலே தெரிந்தது.

இன்று கைப்பேசிகளில் இருப்பது முடுக்கமானி. சிலிக்கான் சில்லுக்குள் நுண்ணிய எடையொன்று வில்களில் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் நகர்வை மின்னளவாக மாற்றி எவ்வளவு சாய்வு என்று எண்ணிலேயே சொல்லிவிடும். 2007-இல் வீ கருவிக்கு வந்த கிட்டாரில் தனியாக உணரி தேவைப்படவில்லை. அதன் கையடக்கக் கருவியை கிட்டாரின் வயிற்றில் செருகினால் அதிலுள்ள முடுக்கமானியே சாய்வை அறிந்துகொள்ளும். இந்தக் குப்பி அவ்வளவு கெட்டிக்காரத்தனம் இல்லாதது. உள்ளே இரண்டு குட்டிக் குண்டுகள். குப்பியின் ஒரு முனையில் இரண்டு மின்முனைகள். அந்த முனை தாழ்ந்தால் குண்டுகள் உருண்டு வந்து இரண்டையும் இணைக்கும். மறுமுனை தாழ்ந்தால் விலகி ஓடிவிடும். காதருகே ஆட்டினால் கிலுகிலுப்பை. எவ்வளவு சாய்வு என்று அதற்குத் தெரியாது. ஆம், இல்லை என்ற இரண்டு சொற்கள் மட்டுமே அறியும். அதிர்ச்சியில் குண்டு துள்ளி ஒரு நொடி முனைகளைத் தொட்டாலும் அதன் பதில் 'ஆம்'தான்.

ஆகவே இத்தகைய உணரிக்கு அறிவு முழுவதும் அது பொருத்தப்படும் விதத்தில்தான் இருக்கிறது. குப்பியை எந்தக் கோணத்தில் வைக்கிறோம், எதன்மேல் உட்கார வைக்கிறோம். இவ்வளவுதான் கேள்வி. கறுப்புத் தூள் என்னவென்று அப்போதுதான் விளங்கியது. குப்பிக்கு ஒரு நுரைமெத்தை இருந்திருக்கிறது. பாலியூரித்தேன் நுரை காற்றின் ஈரத்தில் மெல்ல மெல்லச் சிதையும். பதினைந்து ஆண்டுகளில் மெத்தை மண்ணாகிவிட்டது. குப்பி இருந்த நிலையிலிருந்து தொய்ந்து, கம்பியில் தொங்கிக்கொண்டு, ஒவ்வொரு தட்டலுக்கும் ஆடியிருக்கிறது.

தூளைத் துணியால் துடைத்தபோது உள்பக்கச் சுவரில் ஒட்டியிருந்த காகித நாடா தெரிந்தது. அதில் பேனாவால் ஓர் அம்புக்குறி. அருகே ஒரு சொல்.

பையன் குனிந்து பார்த்தான். தமிழ் பேசுவான், எழுத்து தெரியாது. "அத்தை, இது என்ன?"

"மேல்" என்று படித்துச் சொன்னோம். மேல்பக்கம் எது என்று குறித்திருக்கிறார்.

"அப்பா எழுத்தா?"

"தமிழில் எழுதியிருக்கிறார். வேறு யார்?"

அவன் அந்த நாடாவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தூளை மேலும் கவனமாகத் துடைத்தான், நாடாவின் மேல் கை படாமல்.

*

அம்புக்குறி கழுத்தின் திசையில் இல்லாமல் நன்றாகக் கோணியிருந்தது. அவசரத்தில் ஒட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டோம். அந்த வீட்டில் இரண்டு வாரமாக அத்தானின் அலட்சியத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்ததால் அப்படி நினைப்பது எங்களுக்குச் சுலபமாக இருந்தது. குப்பியைக் கழுத்துக்கு இணையாக, நேராக வைத்தோம். அடியில் சமையலறைப் பஞ்சிலிருந்து ஒரு துண்டு வெட்டி வைத்து ஒட்டினோம். மூடிச் சோதித்தால் முன்பைவிட மோசம். பஞ்சு மெத்தென்று இருந்ததால் ஒவ்வொரு தட்டலுக்கும் குப்பி தொட்டில்போல ஆடியது. ஒருமுறை கழுத்தைத் தூக்கினால் விளக்கு மூன்று முறை எரிந்தது.

அடுத்து நேர் எதிர்த் திசையில் போனோம். பஞ்சை எடுத்துவிட்டு, சுடுபசை ஊற்றிக் குப்பியைச் சுவரோடு சுவராகக் கட்டிப்போட்டோம். ஆட்டம் நின்றது. ஆனால் பட்டையைத் தட்டும் அதிர்ச்சி பிளாஸ்டிக் வழியாக நேரே குண்டுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஓங்கித் தட்டினால் விளக்கு பழையபடி சிமிட்டியது. தொங்கவிட்டாலும் துடிக்கிறது, இறுக்கிப் பிடித்தாலும் துடிக்கிறது. மின்தேக்கி ஒன்றை இணைத்தால் அந்தச் சிமிட்டலை விழுங்கிவிடும் என்று பையன் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னான். பற்றவைக்கும் கருவி அத்தானோடு மேற்குக்கரைக்குப் போய்விட்டிருந்தது.

அந்நேரம் அக்கா படியிறங்கி வந்தார். அந்தப் பட்டை எழுப்பும் டக் டக் சத்தம் அவருக்கு ஆகாது. பாட்டின் ஒலி காதுபேசிக்குள் அடங்கிவிட, வீட்டுக்குள் கேட்பது அந்தச் சத்தம் மட்டுமே. கேட்டதும் எழுந்து போய்க் கதவைச் சாத்துவார். சாத்தும் சத்தம் கீழே கேட்கும். கேட்டதும் பையன் இன்னும் ஓங்கித் தட்டுவான். இரண்டு வாரமாக நாங்கள் நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த உரையாடல் அது.

"இன்னுமா இதைக் கட்டிக்கிட்டு அழறீங்க" என்று தொடங்கியவர், செய்தித்தாளில் குவித்து வைத்திருந்த கறுப்புத் தூளைப் பார்த்து நின்றார். தொட்டுப் பார்த்தார். "இது இவன் தொட்டில் மெத்தை" என்றார்.

எங்களுக்கு விளங்கவில்லை.

"மூலையில ஒரு துண்டு வெட்டி எடுத்துட்டார். இவனுக்கு அப்ப ஒரு வயசுகூட ஆகல. வேற எந்த ஸ்பாஞ்சும் சரியா வரலைன்னு அதை வெட்டினார். மூணு நாள் நான் பேசல." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "ஒரு துண்டு ஸ்பாஞ்சுக்கு மூணு நாள்" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். பையன் தலையை நிமிர்த்தவில்லை. தூளை மட்டும் செய்தித்தாளோடு சேர்த்து மடித்து, குப்பையில் போடாமல், மேசையோரம் வைத்தான்.

அக்கா மேலே போனார். அன்று கதவைச் சாத்தவில்லை.

*

சிலப்பதிகாரத்தில் கானல்வரியைப் பல முறை வகுப்பில் நடத்தியிருக்கிறோம். புகார்க் கடற்கரை. யாழ் கோவலன் கையில் இருக்கிறது. அவன் பாடும் பாட்டில் வேறொருத்தியின் நிழல் இருப்பதாக மாதவி எண்ணுகிறாள். யாழை வாங்கித் தானும் வேறு குறிப்புடையவள்போலப் பாடுகிறாள். அதை அவன் மெய்யென்று எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறான். ஊழ் என்று எழுதினால் மதிப்பெண் தருவோம். நூலும் அப்படித்தான் சொல்கிறது. அன்றிரவு எங்களுக்கு வேறு மாதிரித் தோன்றிற்று. இருவருமே மனத்தில் உண்மையில் எங்கும் சாய்ந்திருக்கவில்லை. நரம்பு அதிர்ந்தது. அதிர்வைச் சாய்வென்று எடுத்துக்கொண்டார்கள். அக்காவும் அத்தானும் எதனால் பிரிந்தார்கள் என்று எங்களுக்கு முழுதும் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டியதுமில்லை. ஒரு தும்மலுக்கும் ஒரு பஞ்சுத் துண்டுக்கும் யாரும் பிரிந்துவிடுவதில்லை. ஆனால் குப்பிக்கு அடியிலிருந்த மெத்தை எப்போது தூளாகத் தொடங்கியது என்பதை மேலிருந்து பார்க்கிறவர் யாரும் அறிவதில்லை.

நான்காம் மாலை பையன் எங்களுக்கு முன்பே கீழே இருந்தான். ஒரு தாளில் கோடுகள் கிழித்து வைத்திருந்தான். "மாமா, அந்தக் கோணல் தப்பு இல்ல" என்றான்.

கிட்டாரை வாசிக்கப் பிடிக்கும்போது கழுத்து தரைக்கு இணையாக இருப்பதில்லை. சற்று மேல்நோக்கியே இருக்கும். குப்பியைக் கழுத்தோடு நேராக வைத்தால் குண்டுகள் எப்போதும் விளிம்பிலேயே நிற்கும். சிறு அசைவும் அவற்றைத் தள்ளிவிடும். அம்புக்குறியின் கோணத்தில் வைத்தால், சாதாரணமாகப் பிடிக்கும்போது மின்முனைகள் உள்ள பக்கம் நன்றாக மேலே தூக்கி நிற்கும்; குண்டுகள் அதை விட்டு விலகி மறுமுனைப் பள்ளத்தில் போய் அடங்கியிருக்கும். உண்மையாகவே கழுத்தை உயர்த்தினாலன்றி அவை ஏறி வரா. 'மேல்' என்று அவர் குறித்தது அந்த முனையை. நாங்கள் கைக்கோணல் என்று நினைத்தது கணக்கு. இயற்பியல் படித்தவர் அந்தத் தாளை வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டு, மாணவரிடம் தோற்ற ஆசிரியரின் மகிழ்ச்சியோடு தலையாட்டினார்.

இனி மெத்தை. பஞ்சுபோல் மென்மையாகவும் கூடாது, பசைபோல் இறுகியும் கூடாது. அதிர்வை வாங்கிக்கொள்ள வேண்டும்; சாய்வை மட்டும் கடத்த வேண்டும். நிலவறை முழுக்கத் தேடினோம். கடைசியில் அது எங்கள் காலடியிலேயே இருந்தது. ஊரிலிருந்து போட்டுக்கொண்டு வந்த ஹவாய்ச் செருப்பு. குதிகால் ஓரத்தில் கட்டை விரல் நகமளவு ஒரு துண்டு வெட்டினோம். அம்புக்குறியின்மேல் அதை ஒட்டி, அதன்மேல் குப்பியை ஒட்டினோம். 11 திருகாணிகளையும் முட்டை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பையனே முடுக்கினான்.

சிறு திரையில் சோதித்தோம். முட்டியால் தட்டினோம், விளக்கு எரியவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினோம், எரியவில்லை. பையன் எழுந்து நின்றான். தோளில் பட்டியை மாட்டினான். கழுத்தை மெல்ல உயர்த்தினான். பாதி தூரம்வரை ஒன்றுமில்லை. அதைத் தாண்டியதும் விளக்கு எரிந்தது. ஒரே முறை, சிமிட்டாமல்.

அன்றிரவு அவன் விளையாடினான். சேமிப்பு அரைப் பங்கு நிரம்பியது, முக்கால் ஆயிற்று, முழுதும் நிரம்பியது. அவன் பொறுத்திருந்தான். பாட்டில் வட்டுகள் கொட்டத் தொடங்கிய இடத்தில் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் கிட்டாரைத் தூக்கினான். அந்தக் கணம் புகைப்படத்தில் இருந்தவர் எங்கள் முன் நின்றார். மாடியில் டக் டக் சத்தம் கேட்டிருக்கும். கதவுச் சத்தம் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் அழைத்தார். நாங்கள் வேறு அறைக்குப் போய்விட்டோம். கேட்கக் கூடாது என்றுதான் போனோம். ஆனால் மரச்சுவர் வீடு. வழக்கமான 'ம்', 'ஓகே'க்குப் பிறகு ஓர் இடைவெளி. பிறகு பையன் கேட்டான்: "அந்த ஆங்கிள் எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" அதற்குமேல் நாங்கள் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் போயிற்று என்றும் பார்க்கவில்லை. அக்கா அடுக்களையில் பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு தட்டைக் காகிதத்தில் சுற்றி முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

ஊர் திரும்புவதற்கு முதல்நாள் நிலவறைக்கு இறங்கினோம். கிட்டார் எடுத்துப் போகும் குவியலில் இருந்தது. யார் வைத்தார்கள் என்று விசாரிக்கவில்லை. பையன் அதை எடுத்துப் புரட்டி, பன்னிரண்டாம் துளையில் புதிதாக முடுக்கிய திருகாணியைக் காட்டினான். "மறுபடி திறந்தீங்களா?" என்று கேட்டோம். பழைய நாடா உரியத் தொடங்கியிருந்ததாம். அதன் பக்கத்தில் புதிய நாடா ஒன்று ஒட்டியிருப்பதாகச் சொல்லி, கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினான். அதே கோணத்தில் ஓர் அம்புக்குறி. அருகில், பழைய எழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்ததுபோல, நடுங்கும் கோடுகளில் ஒரு சொல்: 'மேல'.

புள்ளி வைக்க மறந்துவிட்டான். விடைத்தாளில் ஒரு புள்ளிக்கு அரை மதிப்பெண் குறைக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. சிவப்பு மையைத் தேடும் கை ஒரு கணம் அரித்தது. "சரியா இருக்கா அத்தை?" என்று கேட்டான்.

பேச்சில் அப்படித்தானே சொல்கிறோம். சரியாக இருக்கிறது என்றோம்.